மெஸ்ஸினா அழுக்குன்னு யார் சொன்னது?

"மெஸ்ஸி"ங்கிற வார்த்தைய நாம தமிழ் பேசும்போதே எத்தனை தடவை போடுறோம்னு கவனிச்சிருக்கீங்களா? "ரூம் மெஸ்ஸியா கெடக்கு", "முடி மெஸ்ஸியா இருக்கு", "அவங்க டிவோர்ஸ் ரொம்ப மெஸ்ஸி ஆயிடுச்சாம்". இவ்ளோ சர்வசாதாரணமா புழங்குற வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு கேட்டா மட்டும் பாதிப் பேர் யோசிக்காம "அழுக்கு"ன்னு சொல்லிடுவாங்க, மீதிப் பேர் "அசிங்கம்"னு சொல்லுவாங்க. சரி, அப்படியே வச்சுக்கலாம். தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிச்சு, காய வச்சு, அப்புறம் வேணும்னே கொஞ்சம் கலைச்சு கொண்டை போட்டுக்கிறாங்களே, அதுக்குப் பேர் மெஸ்ஸி பன். அதுல அழுக்கு எங்க இருக்கு? டிவோர்ஸ் மெஸ்ஸினா கோர்ட்டு ஃபைல்ல தூசி படிஞ்சிருக்குன்னா அர்த்தம்?

அதனால இந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்து, அது உண்மையிலேயே எதைச் சொல்லுது, எங்க போடலாம், எங்க போட்டா இங்கிலீஷ்காரன் முழிப்பான்னு மொதல்ல இருந்து பாக்கலாம். பெரிய கிராமர் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம். அட்ஜெக்டிவ்னா ஒரு பொருளோ ஆளோ எப்படிப்பட்டதுன்னு சொல்ற சொல், தமிழ்ல பெயரடை, இது மட்டும் ஞாபகம் இருந்தாப் போதும்.

அப்புறம் ஒண்ணு, யாராவது கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். ஃபுட்பால் மெஸ்ஸிக்கும் இதுக்கும் ஒரு ஒட்டும் இல்ல உறவும் இல்ல. தமிழ்ல எழுதும்போது ரெண்டும் ஒண்ணா வந்து நிக்குது, அவ்ளோதான். அவர் பேர் இங்கிலீஷ் எழுத்துல ஐ-ல முடியும், இந்த வார்த்தை ஒய்-ல முடியும். அவரோடது இத்தாலிப் பக்கத்துல இருந்து வந்த குடும்பப் பேர். அவர் ஆட்டத்தப் பாத்தவங்க யாரும் அதுக்கு இந்த அட்ஜெக்டிவ போடவும் மாட்டாங்க.

ஒரு மேஜைய வச்சுப் பாப்போம்

ஒரு மேஜைய மனசுல நிறுத்திக்கோங்க. சாதாரண எழுதுற மேஜை, மேல கொஞ்சம் புக்கு, பேனா, பேப்பர், ஒரு இங்க் பாட்டில்.

மொத நிலைமை. ஒரு மாசமா யாரும் அந்தப் பக்கமே போகல. புக்கெல்லாம் வரிசையா அடுக்கினது அடுக்கினபடி இருக்கு, பேனா ஸ்டாண்டுல நிக்குது, ஆனா விரல வச்சு இழுத்தா கோடு விழுற அளவுக்குத் தூசி. இது மெஸ்ஸி கெடையாது. இது டஸ்டி, இல்லன்னா டர்ட்டி. ஏன்னா எல்லாம் அததோட எடத்துலதான் இருக்கு, வரக்கூடாத ஒண்ணு மட்டும் மேல வந்து உக்காந்திருக்கு.

ரெண்டாவது நிலைமை. காலைலதான் ஈரத்துணி போட்டுத் துடைச்சாச்சு, ஒரு பொட்டு தூசி இல்ல. ஆனா சாயங்காலத்துக்குள்ள பேப்பரெல்லாம் பரந்து கெடக்கு, ஒரு புக்கு விரிச்சு கவுத்து வச்சபடி, பேனா மூடி ஒரு பக்கம் பேனா ஒரு பக்கம், சார்ஜர் ஒயர் எல்லாத்துக்கும் நடுவுல பாம்பு மாதிரி. சுத்தமாத்தான் இருக்கு, ஆனா மெஸ்ஸி. இங்க அன்டைடினும் சொல்லலாம், கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்.

மூணாவது. எல்லாம் ஒழுங்கா அடுக்கிதான் வச்சிருக்கு. ஆனா நாப்பது புக்கு, பத்து பேனா ஸ்டாண்டு, யாரோ குடுத்த பொம்மை, பழைய காலண்டர், முழங்கைய ஊனக்கூட எடம் இல்ல. இதுக்கு மெஸ்ஸினு சொன்னா பெரிய தப்பில்ல, ஆனா சரியான வார்த்தை க்ளட்டர்ட். அடைசலா இருக்குன்னு நாம சொல்றோமே, அதான் அது. பிரச்சினை ஒழுங்குல இல்ல, எண்ணிக்கைல.

நாலாவது நிலைமைதான் எனக்குப் புடிச்சது, ஏன்னா இங்கதான் மெஸ்ஸியும் அன்டைடியும் பிரியும். மேஜைல ஒரே ஒரு பேப்பர், ஒரே ஒரு இங்க் பாட்டில். பாட்டில் கவுந்துடுச்சு. இங்க் பேப்பர் மேல ஓடி, மேஜை விளிம்பு வரைக்கும் போயி, நீங்க அவசரமாத் துடைக்கப் போயி கையெல்லாம் ஆயி, அந்தக் கையோட நெத்தியத் தொட்டு நெத்திலயும் ஆயி. இதை யாரும் அன்டைடினு சொல்ல மாட்டாங்க. இது மெஸ்ஸி, அதுவும் முழு மெஸ்ஸி.

இந்த நாலையும் பிரிச்சுக் காட்ட ஒரு சுலபமான கேள்வி இருக்கு. இதைச் சரி பண்ண நான் என்ன செய்யணும்? கழுவினா, துடைச்சா போயிடும், பொருள் எதுவும் எடம் மாறத் தேவையில்லன்னா அது டர்ட்டி. எடுத்து அடுக்கினாப் போதும்னா அன்டைடி. பாதிய வெளிய தூக்கிப் போட்டாத்தான் முடியும்னா க்ளட்டர்ட். அடுக்கணும், இல்ல துடைக்கணும், இல்ல ரெண்டும் சேத்துப் பண்ணணும், மொத்தத்துல "ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்குறதப் பிரிக்கணும்"னு வந்தா அது மெஸ்ஸி.

இதுவரைக்கும் வந்தது இவ்ளோதான்: அழுக்கும் மெஸ்ஸியும் வேற வேற. சுத்தமான மெஸ் உண்டு, ஒழுங்கான அழுக்கும் உண்டு. சில சமயம் ரெண்டும் சேந்து வரும், அதனாலதான் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிறோம்.

உள்ளுக்குள்ள இருக்குற ஒரே விஷயம்

அந்த மேஜைல இருந்து ஒரு படி உள்ள போவோம். பரந்து கெடந்த பேப்பருக்கும் ஓடிப்போன இங்க்குக்கும் பொதுவா என்ன இருக்கு? ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடம், ஒரு எல்லை இருந்துச்சு. பேப்பர் ஃபைலுக்குள்ள இருக்கணும், இங்க் பாட்டிலுக்குள்ள இருக்கணும். அது எல்லையத் தாண்டி வந்து பக்கத்துல இருக்குறதோட கலந்துடுச்சு. மெஸ்ஸிங்கிற சொல் இந்த எல்லை தாண்டிக் கலக்குறதைத்தான் சொல்லுது. எதிர்ச்சொல் என்னன்னு பாத்தாலும் இது புரியும். டைடி, நீட், ஆர்டர்லி, எல்லாமே எடத்தையும் வரிசையையும் சொல்றது. க்ளீன் இதுக்கு நேர் எதிர்ச்சொல் கெடையாது, அது டர்ட்டிக்குத்தான் ஜோடி.

இதைப் புடிச்சுக்கிட்டா மத்த பிரயோகமெல்லாம் தானா வரிசைல வந்து நிக்கும். மெஸ்ஸி ஹேர்: ஒரு பக்கமா படிஞ்சு நிக்க வேண்டிய முடி எல்லாப் பக்கமும் போகுது. மெஸ்ஸி ஹேண்ட்ரைட்டிங்: எழுத்து கோட்டத் தாண்டுது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. மெஸ்ஸி ஈட்டர்: தட்டுலயும் வாயிலயும் மட்டும் இருக்க வேண்டிய சாப்பாடு கன்னத்துல, சட்டைல, பக்கத்துல இருக்குறவங்க மேல. இதுல யாரும் அழுக்கானவங்க இல்ல, ஒரு வயசுக் குழந்தை குளிச்சுட்டு வந்து உக்காந்து சாப்பிட்டாலும் மெஸ்ஸி ஈட்டர்தான். மெஸ்ஸி ஜாப்னா கையில சட்டையில எல்லாம் ஆகுற மாதிரியான வேலை, பெயின்ட் அடிக்கிறது, கிரீஸ் போடுறது மாதிரி.

தமிழ்ல நமக்கு ஏன் இது குழம்புதுன்னா, இங்கிலீஷ் ஒரே சொல்ல வச்சு ஓட்டுற எடத்துலெல்லாம் நம்மகிட்ட தனித்தனிச் சொல் இருக்கு. ரூம்னா அலங்கோலம். முடின்னா பரட்டை. கையெழுத்துன்னா கிறுக்கல், கோழி கிண்டின மாதிரி. ஆபீஸ் விவகாரம்னா குளறுபடி. குடும்ப விவகாரம்னா இடியாப்பச் சிக்கல். இவ்ளோ வளமா வச்சுக்கிட்டு, இத்தனைக்கும் சேத்து ஒத்த சொல்லா "அழுக்கான"ன்னு மனப்பாடம் பண்ணினா எங்க ஒட்டும்? மெஸ்ஸிக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடாதீங்க, கெடைக்காது. பக்கத்துல என்ன பெயர்ச்சொல் இருக்குன்னு பாத்து அதுக்கு ஏத்தத எடுத்துக்கோங்க.

இப்படி ஒரு சொல் எந்தச் சொல்லோட வழக்கமா ஜோடி சேருதுங்கிறதுக்கு கொலோகேஷன்னு பேரு. இது விதி மாதிரி கெடையாது, பழக்கம். மெஸ்ஸி ரூம், மெஸ்ஸி டெஸ்க், மெஸ்ஸி கிச்சன், மெஸ்ஸி ஹேர் எல்லாம் சரளமா வரும். மெஸ்ஸி வாட்டர்னு யாரும் சொல்றதில்ல, தண்ணிக்கு டர்ட்டி, இல்லன்னா மட்டி, அதாவது சேறு கலந்தது. மெஸ்ஸி ஏர் கெடையாது, காத்துக்கு பொல்யூட்டட். துவைக்காத சட்டைக்கு டர்ட்டி, அதே சட்டை கசங்கி இருந்தா ரிங்க்கில்ட், அதே சட்டை மேல சாஸ் கொட்டி வழிஞ்சா அப்பத்தான் மெஸ்ஸி.

ஒரு நிஜக் கதை, ரெண்டு அட்ஜெக்டிவ்

1928 செப்டம்பர்ல லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரி லேபுக்கு லீவு முடிஞ்சு திரும்பி வந்தார் அலெக்சாண்டர் ஃப்ளெமிங். லேப ஒழுங்கா வச்சுக்கிறதுல அவர் கெட்டிக்காரர் இல்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பாக்டீரியா வளத்த கண்ணாடித் தட்டுகள கழுவாம பெஞ்சு ஓரத்துல அடுக்கி விட்டுட்டுப் போயிருந்தார். வந்து பாத்தா ஒரு தட்டுல பூஞ்சை புடிச்சிருக்கு, அந்தப் பூஞ்சையச் சுத்தி இருந்த பாக்டீரியா மட்டும் அழிஞ்சிருக்கு. பெனிசிலின் கதை அங்க ஆரம்பிக்குது.

இந்தக் கதைய இங்கிலீஷ்ல சொல்றவங்க எந்த எடத்துல எந்தச் சொல்லப் போடுறாங்கன்னு பாருங்க. லேபுக்கு மெஸ்ஸி, இல்லன்னா அன்டைடி. அந்தத் தட்டுக்கு கன்டாமினேட்டட், அதாவது வரக்கூடாதது உள்ள வந்துடுச்சு. தட்டை மெஸ்ஸினு சொன்னா கதையோட உசிரே போயிடும். மெஸ்ஸியா இருந்தது அந்த மனுஷனோட பெஞ்சு, கெட்டுப்போனது ஒரு தட்டு. ரெண்டும் வேற வேற விஷயம், மொதல்ல சொன்னது ரெண்டாவதுக்கு வழி விட்டுச்சு, அவ்ளோதான். (இதைக் காட்டி மேஜைய அடுக்காம இருக்க சாக்கு சொல்றவங்க உண்டு. அவங்க மேஜைல இருந்து இதுவரைக்கும் மருந்து எதுவும் வந்ததா தெரியல.)

கண்ணுக்குத் தெரியாத மெஸ்

மெஸ்ஸி டிவோர்ஸ், மெஸ்ஸி பிரேக்கப், மெஸ்ஸி சிச்சுவேஷன். இங்க பொருளும் இல்ல, மேஜையும் இல்ல. ஆனா அதே எல்லைக் கதைதான். ஒரு டிவோர்ஸ் ஒழுங்கா முடியணும்னா உன்னோடது எது என்னோடது எதுன்னு கோடு போட முடியணும். வீடு, கடன், குழந்தை யாருகிட்ட, ரெண்டு பேருக்கும் பொதுவான ஃப்ரெண்ட்ஸ் யார் பக்கம், வக்கீல் நோட்டீஸ்ல எழுதினது ஊருக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுச்சு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி, ஒண்ண இழுத்தா இன்னொண்ணு கூடவே வருதுன்னா அது மெஸ்ஸி. கோபம் இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா பெரும்பாலும் இருக்கும். கஷ்டம்னு மட்டும் சொல்லணும்னா டிஃபிகல்ட், சோகம்னா சேட். மெஸ்ஸினு சொன்னா சுலபமாப் பிரிக்க முடியாத சிக்கல்னு சேதி.

கம்ப்யூட்டர் வேலைல இருக்குறவங்க மெஸ்ஸி டேட்டாம்பாங்க. ஒரே ஆள் பேர் மூணு விதமா எழுதியிருக்கும், தேதி ஒரு எடத்துல நாள் முன்னாடி ஒரு எடத்துல மாசம் முன்னாடி, பாதிக் கட்டம் காலி, ஃபோன் நம்பர் இருக்க வேண்டிய எடத்துல அட்ரஸ். தகவல் பொய்யின்னு அர்த்தம் இல்ல, அதது அததோட கட்டத்துல இல்ல. ஆனா வேடிக்கை என்னன்னா இதைச் சரி பண்றதுக்கு மட்டும் டேட்டா க்ளீனிங்னு பேர் வச்சிருக்காங்க. மெஸ்ஸிக்கும் க்ளீனுக்கும் ஜோடி இல்லன்னு மேல சொன்னேன், இங்க வந்து ஜோடி சேருது. மொழி இப்படித்தான், நாம போடுற கோட்ட அது மதிக்காது. இதுக்கு மேல க்ளீன் அப் எ மெஸ்ங்கிற பிரயோகமும் இருக்கு, கொட்டினதத் துடைக்கிறதுக்கும் சொல்லுவாங்க, அடுத்தவன் பண்ணி வச்ச குளறுபடிய நாம உக்காந்து சரி பண்றதுக்கும் சொல்லுவாங்க.

சுருக்கமா, பொருளா இருந்தாலும் விவகாரமா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்: இதுல எது எங்க முடியுது எது எங்க ஆரம்பிக்குதுன்னு தெளிவாத் தெரியுதா? தெரியலன்னா மெஸ்ஸி.

ஆளப் பாத்து சொல்லும்போது கவனம்

இதுதான் வம்புல மாட்டிவிடுற எடம், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம்.

"ஷி இஸ் மெஸ்ஸி"ன்னா சாதாரணமா அவங்க பொருள எடுத்த எடத்துல வைக்காத ஆளுன்னு அர்த்தம். ஒரே ரூம்ல தங்குறவங்களப் பத்தி புலம்பும்போது அடிக்கடி வரும். குளிக்காத ஆளுங்கிற அர்த்தம் இதுல இல்ல, அதைச் சொல்றதுன்னா வேற கடுமையான சொல்லெல்லாம் இருக்கு.

"ஷி இஸ் எ மெஸ்"ன்னா கதையே வேற. நடுவுல ஒரு "எ" வந்துச்சு, கடைசில இருந்த "ஸி" போச்சு, அர்த்தம் மனசுக்குப் போயிடுச்சு. அழுது அழுது முகம் வீங்கி, தூக்கம் இல்லாம, எதுவும் ஓடாம உடைஞ்சு போயிருக்காங்கன்னு அர்த்தம். "ஐ வாஸ் எ மெஸ்"னு ஒருத்தர் தன்னைப் பத்திச் சொன்னா ரூம பத்திப் பேசுறார்னு நெனச்சு "அடுக்கிடலாம் விடுங்க"ன்னு ஆறுதல் சொல்லிடாதீங்க.

அப்புறம் இணையத்துல இப்ப ஓடுற இன்னொரு அர்த்தம். அமெரிக்கக் கறுப்பின மக்களோட பேச்சு வழக்குல இருந்து பரவினது. அங்க "ஹீ இஸ் மெஸ்ஸி"ன்னா இங்க கேட்டத அங்க சொல்லி, அங்க கேட்டத இங்க சொல்லி, ரெண்டு பேருக்கு நடுவுல மூட்டி விட்டுட்டு ஓரமா நின்னு வேடிக்கை பாக்குற ஆளுன்னு அர்த்தம். நம்ம ஊர் நாரதர் வேலை. ரியாலிட்டி ஷோ கமென்ட்ஸ்ல ஒருத்தர மெஸ்ஸினு எழுதியிருந்தா அது அவங்க ரூம பத்தி இல்ல, இதைத்தான். இங்கயும் எல்லை தாண்டுறதுதான் நடக்குது, ஒருத்தர் கிட்ட இருக்க வேண்டிய பேச்சு இன்னொருத்தர் கிட்ட போயிடுது.

ஹாட் மெஸ்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. எல்லாம் தாறுமாறா இருக்குற ஆள் இல்ல சமாச்சாரம், கொஞ்சம் கிண்டலோட கொஞ்சம் பாசத்தோட சொல்றது. பழைய காலத்துல இதுக்கு நெஜமாவே சூடான சாப்பாடுன்னுதான் அர்த்தம், முக்கியமா சிப்பாய்களுக்குக் கூட்டமாப் போடுற சாப்பாடு. இது எப்படின்னு கேட்டா அடுத்த பகுதிக்குப் போகணும்.

சாப்பாட்டுல இருந்து அலங்கோலத்துக்கு

ஹாஸ்டல் மெஸ்னு சொல்றோம்ல, அந்த மெஸ்ஸும் இந்த மெஸ்ஸும் ஒரே சொல்தான். அதுதான் மூத்தது, அலங்கோலம் பின்னாடி வந்த தம்பி.

லத்தீன்ல மிட்டெரேன்னா அனுப்புறது. மிஷன், மிசைல், மெசேஜ் எல்லாம் அந்த வேர்ல இருந்துதான் வந்துச்சு, எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு அனுப்பப்படுது. அதே வேர்ல இருந்து, மேஜைக்கு அனுப்பி வச்ச சாப்பாடுங்கிற அர்த்தத்துல ஒரு சொல் பழைய பிரெஞ்சு வழியா 1300 வாக்குல இங்கிலீஷுக்கு வந்துச்சு. அப்ப மெஸ்னா ஒரு ஆளுக்குப் பரிமாறுற பங்கு. பைபிள்ல ஏசா தன்னோட சேஷ்டபுத்திர பாகத்தை ஒரு வேளை பயற்றங்கூழுக்கு வித்த கதை இருக்கே, 1560 ஜெனீவா பைபிள்ல அந்த அதிகாரத்தோட தலைப்புக் குறிப்புல அதை "மெஸ் ஆஃப் பாட்டேஜ்"னுதான் போட்டிருக்கு. அங்க அலங்கோலமும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு கிண்ணம் கூழ்.

அப்புறம் சேந்து உக்காந்து சாப்பிடுற கூட்டத்துக்கும் அதே பேர் வந்துச்சு. லண்டன்ல பாரிஸ்டர் ஆகுறவங்க சேர்ற இன்ஸ் ஆஃப் கோர்ட் விருந்துல நாலு நாலு பேரா உக்காருவாங்க, அந்த நாலு பேருக்கு மெஸ்னு பேர். ராணுவம், கப்பல், அப்புறம் ஹாஸ்டல்னு நம்ம வரைக்கும் வந்தது இந்தக் கிளை.

இன்னொரு கிளை கீழ்நோக்கி எறங்குச்சு. மெஸ்னா சாப்பாட்டுலயும் குழைஞ்ச, கூழ் மாதிரி சாப்பாடு. அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து விலங்குக்கு வைக்கிற தீனி. அங்க இருந்து எதுவா இருந்தாலும் சரி, ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்குற கலவை. 1800கள்ல மொத பாதில இந்த அர்த்தம் நல்லா ஊன்றிடுச்சு, அதுல ஒய் சேத்து மெஸ்ஸிங்கிற அட்ஜெக்டிவ் 1840கள்ல எழுத்துல வர ஆரம்பிக்குது. பாருங்க, "கலந்து போறது"ங்கிற அர்த்தம் கூழ்லயே இருந்திருக்கு, அழுக்குங்கிறது வழில ஒட்டிக்கிட்டது.

ரெண்டு அர்த்தமும் ஒரே கிண்ணத்துல உக்காந்திருக்கிற எடமும் இங்கிலாந்துல உண்டு. ஈட்டன் மெஸ்னு ஒரு இனிப்பு, ஈட்டன் ஸ்கூல் பேர்ல. ஸ்ட்ராபெரி, க்ரீம், மெரிங்ங்கிற முட்டை வெள்ளைக்கரு இனிப்பு, மூணையும் உடைச்சுக் கலக்கி வைப்பாங்க. பாக்கவும் மெஸ், பேரும் மெஸ், சாப்பாடும் மெஸ்.

பங்காளிச் சொற்கள்

மெஸ்ஸியச் சுத்தி ஒரு கூட்டமே இருக்கு. எல்லாத்தையும் சொல்ல வேண்டியதில்ல, அடிக்கடி தப்பா மாத்திப் போடுற சிலத மட்டும் பாக்கலாம்.

அன்டைடில ஒளிஞ்சிருக்கறது நேரம். டைடினா மொதல்ல "உரிய நேரத்துல நடக்குற"ன்னு அர்த்தம், கடல்ல வர்ற டைடும் அதே சொந்தம்தான். பின்னாடி நேரம் போயி ஒழுங்கு மட்டும் நின்னுச்சு. மெஸ்ஸிய விட இது கொஞ்சம் மரியாதையான சொல், டீச்சர் ரிப்போர்ட்ல எழுதுற மாதிரி.

டிஷெவல்ட்ங்கிறது ஆளோட தோற்றத்துக்கு மட்டும். உள்ள இருக்குறது முடிங்கிற பழைய பிரெஞ்சுச் சொல், அதனால மொத அர்த்தம் தலைவிரி கோலம். இப்ப கலைஞ்ச உடுப்புக்கும் சேத்துச் சொல்றாங்க. ஒரு ரூம டிஷெவல்ட்னு சொன்னா கவிதை எழுதுறீங்கன்னு நெனப்பாங்க. அன்கெம்ப்ட்ங்கிறதும் இதே கதைதான், கெம்ப்ட்னா சீவினது, அன்கெம்ப்ட்னா சீவாதது.

ஸ்க்ரஃபி, பழசாப் போயி ஓரம் நைஞ்ச உடுப்போட ஒழுங்கில்லாம இருக்குறது. இதோட மூலத்தக் கேட்டா சிரிப்பு வரும், பொடுகு. தலைல இருந்து உதிர்ற செதில்.

ஸ்லாப்பி கொஞ்சம் கடுமையானது, ஏன்னா அது அக்கறையின்மையச் சொல்லுது. மெஸ்ஸி வொர்க்னா வேலை செய்யும்போது எல்லாம் ஆகும், ஆனா வேலை நல்லா முடியலாம். ஸ்லாப்பி வொர்க்னா ஏனோதானோன்னு செஞ்ச வேலை. மேனேஜர் உங்க கோட மெஸ்ஸினு சொன்னா அடுக்கி எழுதுங்கன்னு அர்த்தம், ஸ்லாப்பினு சொன்னா ஒழுங்கா யோசிச்சே எழுதலன்னு திட்டுறார். எனக்குத் தெரிஞ்சு இந்த ரெண்டையும் மாத்திப் போட்டுதான் நெறைய மனஸ்தாபம் வருது.

ஷாம்பாலிக், பிரிட்டிஷ்காரங்களுக்கு ரொம்பப் புடிச்ச சொல். ஒரு கூட்டம், ஒரு ஏற்பாடு, ஒரு அரசாங்கம் கன்னாபின்னான்னு நடந்தா இதைப் போடுவாங்க. இது ஷாம்பிள்ஸ்ங்கிற சொல்லுல இருந்து வந்தது. ஷாம்பிள்ஸ்னா கறி வெட்டி விக்கிற மேடை, அப்புறம் கசாப்புக் கூடம், அப்புறம் ரத்தக்களரி, கடைசில வெறும் குளறுபடி. இங்கிலாந்துல யார்க் நகரத்துல தி ஷாம்பிள்ஸ்னு ஒரு குறுகலான தெரு இன்னும் இருக்கு, பழைய கசாப்புக்காரங்க தெரு, சில கடை வாசல்ல கறி தொங்கவிட்ட கொக்கிய இன்னைக்கும் பாக்கலாம்.

எழுதும்போது சறுக்குற எடங்க

அதிகம் பாக்குற தப்பு "மை ரூம் இஸ் மெஸ்". ஒண்ணு "எ மெஸ்"னு இருக்கணும், இல்ல "மெஸ்ஸி"ன்னு இருக்கணும். மெஸ் பெயர்ச்சொல், அதுக்கு முன்னாடி "எ" வேணும். மெஸ்ஸி அட்ஜெக்டிவ், அதுக்கு முன்னாடி "எ" தனியா வராது, பின்னாடி இன்னொரு பெயர்ச்சொல் வந்தாத்தான் வரும், "எ மெஸ்ஸி ரூம்" மாதிரி.

ஒப்பிடும்போது மெஸ்ஸியர், மெஸ்ஸியஸ்ட். எழுதுறப்போ கடைசி ஒய் போயி ஐ வரும், மெஸ்ஸிலி, மெஸ்ஸினஸ்லயும் அதே. அளவு சொல்லணும்னா "எ பிட் மெஸ்ஸி", "வெரி மெஸ்ஸி", ரெண்டும் நல்லா ஒட்டும். அடுத்தவங்க வீட்டுக்குப் போயி "எ பிட் மெஸ்ஸி"ன்னு சொன்னாலும் அவங்களுக்குச் சுருக்குன்னு குத்தும், அதே வீட்டுக்காரங்க "ஸாரி, வீடு கொஞ்சம் மெஸ்ஸியா இருக்கு"ன்னு சொன்னா அது வெறும் உபசாரம். பெரும்பாலும் அப்படிச் சொல்ற வீடு பளிச்சுன்னுதான் இருக்கும்.

வினைச்சொல்லா வரும்போது ரெண்டு கிளை. "மெஸ் அப்"னா சொதப்புறது, எக்ஸாமோ இன்டர்வியூவோ. "மெஸ் வித்"னா ஒருத்தர்கிட்ட வம்பு வச்சுக்கிறது. ரெண்டையும் மாத்திட்டா ஆபத்து, "ஐ மெஸ்டு அப்"னா நான் சொதப்பிட்டேன், "ஐ மெஸ்டு வித் ஹிம்"னா அவர்கிட்ட வம்பு பண்ணிட்டேன்.

இந்த ரெண்டாவது கிளைய வச்சு ஒரு கவர்மென்ட் டிபார்ட்மென்ட் அருமையா விளையாடியிருக்கு. 1980கள்ல அமெரிக்காவோட டெக்சஸ் மாநிலத்துல கார்ல போறவங்க ஜன்னல் வழியா வீசுற குப்பையால ரோடெல்லாம் நாறிப்போச்சு, முக்கியமா இளவட்டப் பசங்க வேலை. "தயவுசெய்து குப்பை போடாதீர்கள்"னு போர்டு வச்சா அவங்க மதிக்கிற ஆளுங்களா? அதனால நெடுஞ்சாலைத் துறை "டோன்ட் மெஸ் வித் டெக்சஸ்"னு ஒரு வாசகம் போட்டு ஸ்டிக்கர் அடிச்சுது, 1986 புத்தாண்டு அன்னைக்கு கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானை வச்சு டிவி விளம்பரமும் விட்டுது. மேலோட்டமாக் கேட்டா "டெக்சஸ்கிட்ட வச்சுக்காதே"ன்னு மீசைய முறுக்குற மாதிரி இருக்கும், உள்ள "டெக்சஸை மெஸ் பண்ணாதே"ன்னு குப்பைக்காரனுக்கு வச்ச குட்டு. பசங்க வீராப்புக்காகவே ஸ்டிக்கர ஒட்டிக்கிட்டாங்க, ரோட்டுல குப்பையும் கொறஞ்சுது. இப்ப அது டி-ஷர்ட்டு, கப்பு, தொப்பின்னு எல்லாத்துலயும் வருது, போட்டுக்கிட்டுத் திரியுற பாதிப் பேருக்கு அது குப்பைத் தொட்டி விளம்பரம்னே தெரியாது.